பாம்புக்கும் பாஸ்போர்ட் வேண்டும்

பெர்லினிலிருந்து மேற்கே வரும் அதிவேக ரயில்கள் ஹாம் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பாதி டியூஸல்டார்ஃப் பக்கம் போகும், மறுபாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கு. பெரும்பாலான பயணிகளுக்கு மேற்கு ஜெர்மனியின் இந்த ஊர் அந்தச் சில நிமிட நிறுத்தத்தோடு சரி. லிப்பெ நதிக்கரையில் சுமார் 1,80,000 பேர் வசிக்கும் பழைய நிலக்கரி நகரம். ஒரு சுரங்கத்தின் நிலக்கரி கழுவும் கட்டடத்தை 1984இல் பிரம்மாண்டமான கண்ணாடி யானையாக மாற்றி, சுற்றிலும் பூங்கா அமைத்திருக்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் அதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை.

ஆனால் இரண்டு கூட்டங்களுக்கு ஹாம் என்றால் வேறு அர்த்தம். ஐரோப்பாவில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அது காமாட்சி அம்பாள் கோவில் இருக்கும் ஊர். பாம்பு, பல்லி, ஆமை வளர்ப்பவர்களுக்கு அது 'டெராரிஸ்டிகா' நடக்கும் ஊர். ஆண்டுக்கு நான்கு சனிக்கிழமைகளில் நகரின் சென்ட்ரல்ஹாலன் அரங்குகளில் கூடும் இந்தச் சந்தை, உலகிலேயே பெரிய ஊர்வனச் சந்தை என்று பெயர் வாங்கியது. இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டின் கதையிலும் ஒரு எல்லையும் சில காகிதங்களும் இருக்கின்றன.

சந்தை நாளன்று கதவு திறப்பதற்கு முன்பே வரிசை நீண்டுவிடும். கார் நிறுத்துமிடத்தில் ஹாலந்து, போலந்து, செக், இத்தாலி நம்பர் பிளேட்டுகள். உள்ளே மேஜை மேஜையாக அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், நம் ஊர் ஸ்வீட் ஸ்டாலில் அரைக்கிலோ மிட்டாய் போட்டுத் தருவார்களே, ஏறக்குறைய அந்த அளவு. மூடியில் காற்றுக்கு ஓட்டை. உள்ளே ஈரத் துணியின் மேல் சுருண்டு ஒரு பாம்புக் குட்டி அல்லது கண் இமைக்காத ஒரு பல்லி. தீனிக்கு உயிருள்ள வெட்டுக்கிளிகளும், உறைய வைத்த எலிகளும் தனிக் கடைகளில். பள்ளிப் பையனோடு வந்த தகப்பனார், கையெல்லாம் பச்சை குத்திய இளைஞர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லேபிளைப் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம்.

லேபிள்களைப் படிக்கத் தெரிந்தால்தான் சந்தை புரியும். '1.0' என்றால் ஒரு ஆண். '0.1' என்றால் ஒரு பெண். '1.1' ஜோடி. பக்கத்தில் 'என்.இஸட்.' என்ற இரண்டெழுத்து இருந்தால் வளர்ப்பில் பிறந்தது. 'டபிள்யூ.எஃப்.' என்றிருந்தால் காட்டில் பிடித்தது. விலையை விட இந்த இரண்டெழுத்துதான் முக்கியம். ஜெர்மனியை விட்டு அந்தப் பிராணி சட்டப்படி வெளியேற முடியுமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

சந்தையில் அதிகம் தென்படும் சரக்கு 'பால் பைதான்'. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. சாதுவானது, ஒன்றரை மீட்டருக்கு மேல் அரிதாகவே வளரும். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏராளமாக ஏற்றுமதியான இது, இப்போது ஐரோப்பாவிலேயே விதவிதமான நிறங்களில் பொரிக்கப்படுகிறது. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸெல் நகரத்துக்காரர் ஒருவர் இதில் ஒன்றை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ரைன் நதியை ஒட்டிய நெடுஞ்சாலையில் காரில் ஒரு மதியப் பொழுது போதும். காகிதப் பயணம் வாரக்கணக்கில் நீளும்.

மலைப்பாம்புகள் அத்தனையும் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச வன உயிர் வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் இப்போது 180க்கும் அதிகமான நாடுகள். முதல் பட்டியலில் உள்ளவற்றில் காட்டில் பிடித்தவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. நம் நாட்டு மலைப்பாம்பு இந்த ரகம். இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை அனுமதியோடு விற்கலாம். பால் பைதான் அந்த ரகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பிரான்ஸுக்கோ இத்தாலிக்கோ கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டாம், பாம்பு சட்டப்படி கிடைத்தது என்று காட்டும் பத்திரம் போதும். ஸ்விட்ஸர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஆகவே பானில் உள்ள ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஏற்றுமதி அனுமதியும், பெர்னில் உள்ள ஸ்விஸ் கால்நடை அலுவலகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். விற்பவர் தாய் தகப்பன் விவரம், பொரித்த தேதியோடு எழுதித் தர வேண்டும். எந்தச் சுங்கச் சாவடியிலும் கடந்துவிட முடியாது, இதற்கென அறிவிக்கப்பட்ட அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கடந்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாம் என்ற பேச்சுக்கு அநேகமாக இடமில்லை.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் இந்தச் சந்தைக்குப் பாம்பைத் தேர்ந்தெடுக்க வருவதில்லை, வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். எது, யாரிடம் என்பதெல்லாம் சில மாதங்களுக்கு முன்பே பேசி முடித்தாகிவிடும். ஏற்றுமதி அனுமதியின் ஆயுள் ஆறு மாதம்தான் என்பதால் அந்தக் கணக்கும் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்தான் மாட்டிக்கொள்கிறார். பறிமுதலானால் பாம்பு ஏதாவதொரு காப்பகத்துக்குப் போகும். குறைந்தபட்சம் அதற்கு ஒரு கூரை கிடைக்கும். உரிமையாளருக்கு வழக்கு.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தப் பாடம் திடீரென்று வந்தது. முன்பு வேனில் வந்து, டப்பாக்களை நிரப்பிக்கொண்டு, கப்பலேறி ஊர் திரும்பலாம். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் வெளிநாடு. பானில் ஒரு அனுமதி, பிரிஸ்டலில் ஒரு அனுமதி. வேடிக்கை என்னவென்றால் வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளின் கீழேயே தங்கிவிட்டது. லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு, அதாவது சொந்த நாட்டுக்குள்ளேயே, பாம்போடு வீடு மாற்றுகிறவரும் காகிதம் எடுத்தாக வேண்டும்.

விற்பதற்கும் வாங்குவதற்கும் சம்பந்தமில்லாமல், தன் செல்லப் பிராணியோடு அடிக்கடி எல்லை தாண்டுபவருக்கு வேறு வழி இருக்கிறது. 1997இல் ஹராரேயில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் ஏற்பாடான தனிநபர் உடைமைச் சான்றிதழ். ஏறக்குறைய பாஸ்போர்ட்தான். மூன்று ஆண்டு செல்லும், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சுங்க அதிகாரி இணைப்புத் தாளில் முத்திரை குத்துவார். பிராணியின் உடலில் அழியாத அடையாளம் இருக்க வேண்டும், பெரும்பாலும் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப். உரிமையாளர் கூடவே போக வேண்டும், வெளிநாட்டில் விற்கக் கூடாது. செத்தாலோ தொலைந்தாலோ தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாள் ஒரு பிராணிக்குத்தான். போன இடத்தில் அது குட்டி போட்டால் குட்டிகளுக்கு அது செல்லாது.

சிப் பொருத்த முடியாத அளவு சிறியவற்றுக்கு ஜெர்மானியர்கள் செய்திருக்கும் ஏற்பாடு ரசிக்கத் தக்கது. ஐநூறு கிராம் எடைக்குக் குறைவான ஆமைக்கு போட்டோ. முதுகோட்டை ஒரு படம், வயிற்றோட்டை ஒரு படம். ஓட்டின் கோடுகள் ஆமைக்கு ஆமை வேறுபடும் என்பதால் அது கைரேகை மாதிரி. வளர வளர அவ்வப்போது புதுப் படம் எடுத்து ஒட்ட வேண்டும். பள்ளி அடையாள அட்டை போல ஆமையின் குழந்தைப் பருவம் முழுக்க ஃபைலில் இருக்கும்.

இத்தனை கட்டுக்காவல் ஏன் என்பதற்கு ஹாம் சந்தையே பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் இலங்கையிலிருந்து வருகிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் வேறெங்கும் இல்லாத ஓணான்கள் வாழ்கின்றன. சிலவற்றுக்கு மூக்கு நுனியில் கொம்பு. ஒன்றுக்கு மூக்கின் மேல் உருண்டை. ஒரு வகை முட்டையிடாமல் குட்டியே போடும். நக்கிள்ஸில் உள்ள கொம்பு ஓணானுக்கு அந்த ஒரு மலைத்தொடரைத் தவிர உலகில் வேறு இடமில்லை. இவற்றைப் பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இலங்கைச் சட்டப்படி குற்றம். ஆனால் 2019 வரை இவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. கொழும்பு விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஓணானோடு பிடிபட்டால் ஜெயில். பிடிபடாமல் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டால் அது சந்தைச் சரக்கு. பிற நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்த விலங்கை இறக்குமதி செய்வதே குற்றம் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. போர்னியோவின் காதில்லாத உடும்புக்கும் இதே கதிதான். சரவாக்கில் 1971 முதல் பாதுகாக்கப்பட்ட அது, 2016 மாநாட்டில் பட்டியலுக்கு வரும்வரை ஐரோப்பாவில் கேள்வியில்லாமல் கைமாறியது.

பட்டியலில் சேர்க்கும்படி இலங்கையே கேட்டது. முடிவெடுக்க வேண்டிய மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடப்பதாக இருந்தது. ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்தது. மாநாடு ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போயிற்று. ஓணான்கள் அங்கே பட்டியலில் ஏறின. நக்கிள்ஸ் கொம்பு ஓணான் முதல் பட்டியலில். நம் நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில்தான் இரண்டாம் பட்டியலிலிருந்து முதலுக்கு உயர்ந்தது.

அப்படியானால் அதற்கு முன் வந்துவிட்ட ஓணான்களும் அவற்றின் வாரிசுகளும்? இங்கேதான் சட்டப்படி கொண்டுபோவது என்ற சொற்றொடர் கொஞ்சம் வழுக்குகிறது. வளர்ப்பில் பிறந்தது என்று சொன்னால் போதாது, அதன் பெற்றோரும் முறைப்படி கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பட்டியலுக்கு முந்தைய பிராணிக்குப் பெரும்பாலும் எப்போது வந்தது என்றுதான் கேட்கிறார்கள், எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கடத்தி வந்த தாயின் குட்டி, சரியான தாளோடு சரியான சாவடி வழியாகப் பாஸெலுக்குப் போகலாம். எல்லையில் நிற்கும் அதிகாரிக்குக் குட்டியின் பிறந்த தேதி தெரியும், பாட்டியின் பயணம் தெரியாது. நேர்மையாக வளர்ப்பவர்களும் சந்தையில் நிறையப் பேர், அவர்களுக்கே இது உறுத்துகிறது. லேபிளில் வம்சாவளியைப் பொடி எழுத்தில் எழுதி ஒட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

சந்தை அரங்கிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் ஊன்ட்ராப் தொழிற்பேட்டை. கிடங்குகளுக்கும் லாரி நிறுத்துமிடங்களுக்கும் நடுவே 17 மீட்டர் உயரத்தில் வண்ணக் கோபுரம். 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவில். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். அருகே ஓடும் டாட்டல்ன் - ஹாம் கால்வாய்தான் அம்மனுக்குத் தீர்த்தம். 1980களில் இங்கு வந்த தலைமுறையில் பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, எல்லை தாண்டி, மேற்கில் தஞ்சம் கேட்டவர்கள். யார், எங்கிருந்து, எப்படி வந்தாய் என்று ஒவ்வொருவரிடமும் துருவித் துருவிக் கேட்ட அதே நாட்டில்தான், அதே தீவிலிருந்து வந்த ஓணானிடம் 2019 வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பாம்பு ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி சிலருக்கு எழலாம். குடிபெயர்ந்து திரும்புகிறவர் தன் பயணப் பொருளோடு அழைத்து வர அனுமதியுள்ள செல்லப் பிராணிகள் நாயும் பூனையும்தான். பாம்புக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம், வன அதிகாரிகளின் இசைவு, கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி என்று தனி வழி. சாதாரண மனிதருக்கு அது ஏறக்குறைய அடைத்த கதவு. ஏற்கெனவே வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் 2022இல் திருத்தப்பட்ட வன உயிர்ச் சட்டத்தின்படி, 2024இல் வந்த விதிகளின் கீழ் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்நாட்டு உடும்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைப்பதே குற்றம். இவ்வளவுக்கும் பிறகு பாங்காக் விமானங்களில் வரும் சூட்கேஸ்களில் பல்லியும் மலைப்பாம்பும் பிடிபடுவது நின்றபாடில்லை.

மாலையில் ஹாம் அரங்குகள் காலியாகின்றன. டிஸம்பர் சந்தையென்றால் வெளியே உறைபனி, ஊர்வனவற்றுக்குக் குளிர்தான் எமன். வாங்கியவர்கள் டப்பாவைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் சூட்டுப் பொட்டலம் செருகி, காரின் ஹீட்டரை ஏற்றுகிறார்கள். தெற்கே போகும் காரில் முன் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். பானின் தாள், பெர்னின் தாள், விற்றவரின் கையெழுத்து. சாவடியில் அதிகாரி முதலில் கேட்பது அந்த உறையைத்தான். பிறகுதான் பெட்டியைத் திறக்கச் சொல்வார். சீக்கிரம் மூடிவிடுங்கள் என்று வண்டிக்காரர் கெஞ்சுவார், குளிர் உள்ளே போய்விடும் என்று.