மண்ணை வெட்டி எடுத்த கரி அடுப்பு

காஸ் அடுப்பில் வாட்டிய அப்பளத்துக்கும் கரி அடுப்பில் சுட்ட அப்பளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போய்விடலாம். எனக்குக் கோபமே இல்லை. தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2018 அக்டோபரில், ஜப்பானில் கனசாவா நகரிலிருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே, "அம்மா, கடற்கரைப் பக்கம் போய்க் கத்திரிக்காய் சுட்டு கொத்சு பண்ணலாம், வா" என்று கிளப்பிவிட்டாள். கையில் ஒரு தகர அடுப்பு. மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். காலை நீட்டிவிட்டால் நிற்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் கரி நன்றாகக் கனிந்து சிவந்திருந்த நேரம் பார்த்து அடித்தட்டு பொத்துக்கொண்டது. நெருப்பு அத்தனையும் மணலில்! பேத்தி பக்கத்தில்தான் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி விழுந்திருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

"வாங்கி எத்தனை வருஷமாச்சுடி?"

"போன வருஷம்தாம்மா. இது மூணாவது அடுப்பு."

தகரம் பாவம், என்ன செய்யும்? மெல்லிய தகடு சூட்டில் வெந்து வெந்து சன்னமாகிவிடுகிறது. போதாததற்கு, சாம்பலைக் கொட்டாமல் அப்படியே மூடி வைத்திருக்கிறாள். சாம்பல் ஈரத்தை இழுக்கும். அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் துருப்பிடிக்கக் கேட்பானேன்!

"அத்தை, நல்ல அடுப்பு வேணும்னா நோட்டோவுக்குத்தான் போகணும்" என்றார் மாப்பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம்.

கனசாவாவுக்கு வடக்கே, ஜப்பான் கடலுக்குள் கையை மடக்கி நீட்டியதுபோல் ஒரு தீபகற்பம். அதுதான் நோட்டோ. அதன் நுனியில் சுஸு என்ற சின்ன ஊர். ரயில் போக்குவரத்து 2005-லேயே நின்றுபோய்விட்டது. பழைய நடைமேடை மட்டும் நினைவுக்கு நிற்கிறது. பஸ்ஸில் மூன்று மணி நேரப் பயணம். வழியெல்லாம் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கறுப்பு ஓடு வேய்ந்த மர வீடுகள். எண்ணெய் தடவிச் சீவிய கொண்டை மாதிரி அந்த ஓடுகள் வெயிலில் பளபளத்தன.

அங்கேதான் 'ஷிச்சிரின்' என்கிற கரி அடுப்பு செய்கிறார்கள். நம் கும்முட்டி அடுப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். வட்டமாகவோ சதுரமாகவோ மண் உடல், மேலே கம்பி வலை, நடுவில் கரி தாங்கும் துளைத் தட்டு, கீழே காற்றுக்குச் சின்னக் கதவு. ஏழு 'ரின்' காசுக்கு வாங்கிய கரியிலேயே ஒரு சமையல் முடிந்துவிடும், அதனால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு.

விசேஷம் மண்ணில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்து படிந்து உண்டான மண் அது. உள்ளே நுண்ணிய துளைகள்; துளை நிறையக் காற்று. அதனால் எடை குறைவு, சூடும் வெளியே எளிதில் கடக்காது. உள்ளே தணல் தகதகக்கும்போதும் வெளிப்பக்கம் இரும்பு போலக் கொதிப்பதில்லை. (அதற்காகத் தொட்டுப் பார்க்க வேண்டாம்!) சூடு வீணாகாததால் கரியும் குறைவாகத்தான் பிடிக்கிறது.

பட்டறைப் பெரியவர் எங்களைச் சுரங்க வாயில் வரை அழைத்துப் போனார். உள்ளே ஈரமும் குளுமையும் கலந்த காற்று. நீண்ட உளியால் மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி எடுக்கிறார்கள், தட்டில் ஊற்றிய மைசூர்பாகைத் துண்டு போடுகிற மாதிரி! அந்தக் கட்டியையே குடைந்து, செதுக்கி, சூளையில் சுட்டால் அடுப்பு. மண்ணைத் தூளாக்கிப் பிசைந்து, அச்சில் அழுத்திச் செய்கிற மலிவு ரகமும் உண்டு. கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பெரியவர் சிரித்துக்கொண்டு, வெட்டி எடுத்த அடுப்பைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் உளித் தடம், உற்றுப் பார்த்தால் மண் அடுக்கின் ரேகை. அச்சில் வார்த்தது வழவழவென்று இருந்தது. வெட்டி எடுத்ததில் இயற்கையான படிவு கலையாமல் இருப்பதால் சீக்கிரம் விரிசல் விடாதாம். பார்த்து உபயோகித்தால் பல வருஷம் வரும் என்றார். சுற்றியிருக்கிற உலோகப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா, காற்றுக் கதவு ஆடாமல் மூடுகிறதா, துளைத் தட்டைத் தனியாக எடுத்து மாற்ற முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். முதலில் உடைவது தட்டுதானாம்.

தண்ணீர்தான் இதற்கு எமன். கழுவக் கூடாது, நெருப்பை அணைக்கத் தண்ணீர் தெளிக்கவும் கூடாது. மீதிக் கரியை மூடியுள்ள சட்டியில் போட்டுவிட்டால் காற்றில்லாமல் தானே அணையும். மறுநாள் அதே கரி சட்டென்று பற்றிக்கொள்ளும். முதல் தடவை சின்னத் தணலாகப் போட்டு, மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுக்குள் வைத்து எரிப்பீர்களா?" என்று கேட்டார். பெண் மொழிபெயர்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

என் மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்த சமயம். ஐப்பசி அடைமழை. நாப்கின் காயவில்லை என்று மாமியார் கும்முட்டியில் தணல் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, குழந்தை இருந்த அறையிலேயே துணியை உலர்த்தினார். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கிண்ணென்று வலித்தது, குமட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு, பித்தம் என்று படுத்துவிட்டேன். பால்காரருக்காகக் கதவைத் திறந்த மாமனார், "என்ன இது, மூச்சு முட்டுது!" என்று ஜன்னல்களைப் படபடவென்று திறந்ததால் நாங்கள் பிழைத்தோம். புகையே இல்லை, சிவந்த தணல்தான். அதில்தான் ஆபத்து. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிறதென்று நினைத்தபடியே ஆள் போய்விடுவார்கள். ஆகவே சகோதரிகளே, எவ்வளவு உசத்தியான அடுப்பானாலும் முற்றத்திலோ மொட்டை மாடியிலோதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பெண்ணுக்குப் பெரியதாக ஒன்றும் எனக்குச் சின்னதாக ஒன்றும் வாங்கினோம். என்னுடையதை இரண்டு நூல் புடவைகளில் சுற்றி, விமானத்தில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தேன். கரியை மட்டும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

நம் ஊரில் இது கிடைக்காதே என்றால், கனத்த இரும்பில், உள்ளே மண் பூசிய கும்முட்டியாகப் பாருங்கள். துளைத் தட்டு வார்ப்பிரும்பாக, கழற்றக் கூடியதாக இருக்கட்டும். நாகத்தகடு வாளியை வெட்டிச் செய்தது வேண்டவே வேண்டாம். அதிகச் சூட்டில் நாகப் புகை வரும், உடம்புக்கு ஆகாது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

2024 ஜனவரி முதல் தேதி. மாலை 4.10-க்கு நோட்டோவில் 7.6 அளவில் பூகம்பம். "நாங்க நல்லா இருக்கோம்மா, டி.வி.யைப் பார்த்துட்டுப் பயப்படாதே" என்று பெண் போன் செய்தாள். டி.வி.யில் அந்தக் கறுப்பு ஓடுகளைப் பார்த்தேன். சுவர் இல்லை; ஓடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பக்கத்து வாஜிமா ஊரின் சந்தைத் தெரு எரிந்தே போயிற்று. அந்த செப்டம்பரிலேயே பெருமழை வந்து, மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது.

பெரியவரைப் பற்றி மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார்: ஆள் பத்திரம், தற்காலிக வீட்டில் இருக்கிறார், சூளைதான் இடிந்துவிட்டது. மறுபடி கட்டப் போகிறாராம்.

என் அடுப்பில் போன மார்கழியில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. புதிது வாங்கி அனுப்பட்டுமா என்று பெண் கேட்டாள். வேண்டாம் என்று, செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். நேற்றுகூட மாடியில் பத்து அப்பளம் சுட்டோம்.