நர்சம்மா வீட்டுப் பிள்ளைகள்

புதன்கிழமை என்றால் எங்கள் வீட்டில் உலை சீக்கிரம் கொதிக்கும். அன்று தடுப்பூசி நாள். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களுக்கு அம்மாதான் கிராம சுகாதார செவிலியர், ஊர்வாயில் நர்சம்மா. தேரி மணலில் சைக்கிள் உருளாது. தோளில் ஐஸ் பெட்டி, கையில் பதிவேட்டுப் பை, நடைதான். எந்த நிறச் சேலை கட்டிப் போனாலும் சாயங்காலம் கரை செம்மண்ணாகத்தான் திரும்பும். கண்ணாடி சிரிஞ்சுகளை அவிக்க ஒரு குக்கர் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக் குக்கர் விசிலடித்தாலே எனக்குக் கை வலிக்கும்.

தம்பி பிறந்தது 1995இல். அப்போது பிரசவ விடுப்பு 90 நாள். நாலு மாசம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று வீடுவீடாகச் சொல்ல வேண்டியவளுக்கு அரசாங்கம் தந்தது மூணு மாசம்! (இன்று ஒரு வருஷம். 2021இல்தான் வந்தது.) மத்தியானம் ஆச்சி தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வருவாள். பீரோவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பாள். "காய்ச்சல் கண்டா மாத்திரை குடு, ஊசி போட்ட இடத்தத் தேய்ச்சிராத" என்று குரல் மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கும். பிறகு, ரவிக்கை ஈரம் தெரியாதிருக்கப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து வருவாள்.

ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் வலி கண்டிருக்கிறது என்று அர்த்தம். "எட்டி, ஆச்சிகிட்டப் படுத்துக்க" என்பதோடு டார்ச் வெளிச்சம் தெருமுனையில் திரும்பிவிடும்.

வேலையையும் பிள்ளைகளையும் எப்படித்தான் சமாளித்தாளோ என்று சொந்தபந்தம் இன்றும் அம்மாவை மெச்சும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மிச்சப் பாதி, சம்பளப் பட்டியலில் பெயரில்லாத ஆச்சியுடையது. அவள் ஒன்றும் வாய்மூடிச் செய்தவளுமில்லை.

1995 டிசம்பர் 9, நாடு முழுக்க முதல் போலியோ சொட்டு மருந்து நாள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு நீள வரிசை. ஆச்சி தம்பியோடு நேரே மேசைக்குப் போனாள். அம்மா நிமிரவேயில்லை. "வரிசையில வாங்கத்தை."

"நல்லாருக்கு நியாயம்! பெத்தவ கையால ரெண்டு சொட்டு வாங்க எம்பேரன் வரிசையில நிக்கணுமாம்!"

கூட்டம் சிரித்தது. ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் போய் நின்றாள். நடுவில் நுழையப் பார்த்த ஒருத்தியைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். "எம்மருமவ என்னையே விடல, நீ எங்கட்டி போற?"