கொடை ரோடு முதல் அரிச்சல்முனை வரை

கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களின் முகம் உடனே மலைப்பக்கம் திரும்பிவிடும். வத்தலக்குண்டு வழியாக 80 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல் ஏரி. ஸ்டேஷன் இருக்கும் அம்மையநாயக்கனூரை யாரும் கவனிப்பதில்லை; தெற்கே போகும் தண்டவாளம் எங்கே முடிகிறது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் போனால், நிலம் தீர்ந்து கடல் தொடங்கும் அரிச்சல்முனைக்கு வந்து சேரலாம். கடைசி இருபது கிலோமீட்டருக்கு மட்டும் இப்போது ரயில் கிடையாது.

மலைக்கும் அந்தக் கடலுக்கும் உறவு பழையது. யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் கடல் கடந்து மதுரைக்கு வந்தார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் தாங்காமல் குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற நகரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நகரம்தான் புதிது, மலை அல்ல. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. அவற்றை நடந்து நடந்து பதிவு செய்த பாதிரியார் ஆங்கிலேட், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது.

ரயில் சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து, வைகையைத் தாண்டி மதுரைக்குள் நுழைகிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் தென்சரிவில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் இந்த வைகையில்தான் கலக்கின்றன. மலைத்தண்ணீருக்கும் ரயிலுக்கும் இனிமேல் ஒரே திசை.

மதுரையில் வண்டி மாற வேண்டியிருக்கலாம். இங்கிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902-இல் திறக்கப்பட்டது. சிலைமான் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்குள் கீழடி. 2015-இல் தோண்டத் தொடங்கிய இடம். ஒரு மாதிரியின் காலம் பொ.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வு சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் கீழடி தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. 2023-இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் நிற்கிறது. அடுத்து அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, கடம் செய்யும் மானாமதுரை, தறி ஓடும் பரமக்குடி. இடையிடையே சீமைக்கருவேலம், கண்மாய், மீண்டும் சீமைக்கருவேலம்.

ராமநாதபுரத்தில் வைகை களைத்துவிடும். பெரும்பாலான ஆண்டுகளில் அதன் நீர் பெரிய கண்மாயோடு நின்றுபோகிறது. ஆறு கடலைத் தொட வேண்டிய ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளம். ரோமானியக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த பழைய துறைமுகம். கீழடிக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதாகத் தெரியவில்லை.

இந்தப் பாதையிலேயே கனமான பெயர்ப்பலகை மண்டபம் கேம்ப். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு அனுப்பிய முகாம் அது. குளிர்மலையில் தேயிலை கிள்ள, இந்த வெக்கையான மணலில் காத்துக்கிடந்தார்கள். பிறகு வரிசை திரும்பியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் பதிந்துகொண்டு, கையில் ஒரு அட்டையோடு ரயிலேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடங்கள் நீலகிரியும் கொடைக்கானல் மலையும். மிஷனரிகளின் வழியைப் போலவே கடலிலிருந்து மலைக்கு. ஆனால் பங்களாவுக்கு அல்ல. 1983-க்குப் பிறகு அதே முகாமுக்கு ஈழத்து அகதிகள் வந்தார்கள்.

அப்புறம் பாம்பன். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றி, நடுவிலுள்ள ஷெர்ஸர் என்ற தூக்குப்பாலத்தை இரண்டு கைகளாக விரிப்பார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. வண்டி கரையிலேயே நிற்கும். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 முதல் பக்கத்திலேயே புதுப் பாலம். அதன் நடுத்துண்டு லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. பொறியியலில் புதியது தேறும். அழகில் பழையதற்குத்தான் ஓட்டு.

பாலத்தின் இரு பக்கமும் இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை. இங்கே அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. ஆனாலும் கரை அவ்வளவு ஆழமற்றது என்பதால், அந்தச் சிறு வற்றத்திலேயே கடல் நெடுந்தூரம் விலகிவிடும். 'கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டின' என்ற செய்தி ராமேஸ்வரத்திலிருந்து அடிக்கடி வரும். வெளியூர்க்காரர்கள்தான் சுனாமியோ என்று பதறுவார்கள். மீனவர்கள் நீர் திரும்பும்வரை வலை பின்னுவார்கள்.

பழைய நாளில் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது: ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றது தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடித் துறையில் கப்பலேறி, சுமார் 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிப்பார்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் அந்த ஊரை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர், ஸ்டேஷனைத் தொடுமுன் கடலுக்குள் போனது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 போயின. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் அதை மீட்டார். தனுஷ்கோடியை யாரும் மீட்கவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இரண்டு கடலுக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலைதான் இன்று சுற்றுலாவின் உச்சம். முனைக்கு அப்பால் ராமர் சேதுவின் மணல்திட்டுகள், பருவக்காற்றுக்குத் தக்கபடி வளர்ந்தும் தேய்ந்தும். வழியில் தேவாலயத்தின் வளைவுகள், ரயில் நிலையத்தின் எச்சம், தண்ணீர்த் தொட்டி. பலவும் பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. ஓலைக் குடிசைகளில் மீனவர்கள் திரும்பக் குடியேறியிருக்கிறார்கள். மணலில் ஊற்று தோண்டினால் குடிநீர். ஈரக்கையோடு நிமிர்ந்தால் உப்புக்கடல்.

ராமேஸ்வரத்திலிருந்து இங்கே மீண்டும் ரயில் விட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாநில அரசு நிலம் தர மறுக்க, திட்டம் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. 2025 ஜூனில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் சரியே. ஆனால் பறவைக்குக் கிடைத்த அக்கறை இடிபாடுகளுக்கும் வேண்டும். கீழடியின் பழஞ்செங்கல்லுக்குக் கூரை போட்டிருக்கிறோம். அறுபது ஆண்டுக்கு முன் ஆட்கள் டிக்கெட் வாங்கிய சுவர் உப்புக்காற்றில் உதிர்கிறது. போகிறவர்கள் படமெடுக்க அந்தச் சுவர்களில் ஏறாதீர்கள், நினைவுப்பொருள் என்று பவளக்கல்லைப் பெயர்க்காதீர்கள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாலையில் போலீஸ் சாலையை மூடிவிடும்.