பூனை போனால் ஸீரோவா, ஃபெர்ஸ்ற்றா?

ஆங்கிலத்தில் 'இஃப்' வசனம் படிப்பிக்கிற எல்லாரிடமும் ஒரே அட்டவணைதான் இருக்கு. ஸீரோ, ஃபெர்ஸ்ற், செக்கண்ட், தேர்ட் என்று நாலு வரி. பக்கத்தில் எந்த வரிக்கு எந்த வேர்ப் என்று சூத்திரம். பிள்ளைகள் அதைக் கணிதச் சூத்திரம் மாதிரிப் பாடமாக்குவார்கள். சோதனைத் தாளில் இடைவெளி நிரப்பச் சொன்னால் நிரப்பியும் விடுவார்கள். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லுங்கோ என்றால் மட்டும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அட்டவணைக்குக் கீழே வருகிற உதாரணங்களும் உதவுவதில்லை. ஒரு மில்லியன் டொலர் லொத்தர் விழுந்தால் உலகத்தைச் சுற்றுவேன் என்கிற வசனத்தைத் தாண்டாமல் இந்தப் பாடத்தைப் படித்தவர் யாரும் இருக்கமாட்டீர்கள். எங்களுடைய பிள்ளைகளுக்கு லொத்தர் என்றால் சந்தியில் குடைக்குக் கீழே இருந்து விற்கிற ஐயா. டொலர் என்றால் கனடாவில் இருக்கிற சித்தப்பா. அதுக்கு மேல் அந்த வசனத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

நாங்கள் நாலு பேர். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் சனி, ஞாயிறு காலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் குடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. அதனாலோ என்னவோ பிள்ளைகளுக்கு எங்களில் பயமும் இல்லை. இந்த முறை 'இஃப்' வந்தபோது அட்டவணையை எடுக்காமல், "வீட்டில சொல்லுற சகுனம், சாத்திரம் எல்லாத்தையும் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டோம். ஒரு சகுனம் என்பதே ஒரு 'இஃப்' வசனம்தானே. இது நடந்தால் அது நடக்கும். இந்த வசனங்களைப் பிள்ளைகள் பாலோடு குடித்து வளர்ந்திருக்கிறார்கள்.

பத்து நிமிசத்தில் வெண்பலகை நிரம்பியிட்டுது. பூனை குறுக்க போனால் போற காரியம் சரிவராது. காகம் கத்தினால் வீட்டுக்கு ஆக்கள் வருவினம். சாப்பிடேக்க புரைக்கேறினால் ஆரோ நினைக்கினம். இரவில விசிலடிச்சால் பாம்பு வரும். இருந்துகொண்டு காலாட்டினால் வீட்டுக்குத் தரித்திரம். வெளிக்கிடேக்க ஒற்றைத் தும்மல் தும்மினால் கொஞ்ச நேரம் இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போகவேணும். உள்ளங்கை கடிச்சால் காசு வரும். இந்தக் கடைசியில் சண்டை வந்துவிட்டது. வலக்கை கடித்தால் வரும், இடக்கை கடித்தால் போகும் என்று ஒரு பக்கம். இல்லை, மற்றமாதிரி என்று மற்றப் பக்கம். கண் துடிப்பதில் பெடியளுக்கு வலம், பெட்டையளுக்கு இடம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஏன் அப்படி என்று ஒருத்தி கேட்க ஒருத்தரிடமும் பதில் இல்லை. கிழமைக்கணக்காக வாய் திறக்காத பின்வாங்குப் பெடியன் ஒருவன், பல்லி விழும் பலனைத் தலையில் இருந்து கால் வரைக்கும் வரிசையாகச் சொன்னான். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று எல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் அவனுக்கு உடலுறுப்புகள் அஞ்சு கூடத் தெரியாது. அண்டைக்கே பதினைந்து படித்துக்கொண்டு போனான்.

பிறகுதான் மொழிபெயர்ப்பு. இதில் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குவார்கள். 'இஃப் ஹீ கேம், ஐ வில் கோ' என்று எழுதுவார்கள். அந்தக் 'கேம்' கவனக்குறைவால் வருவதில்லை, தமிழால் வருகிறது. 'வந்தான்', 'வந்தால்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். போனான், போனால். கேட்டான், கேட்டால். எங்களுடைய 'ஆல்' இறந்தகால அடியில்தான் ஒட்டும். நாளைக்கு வரப்போகிறவனைப் பற்றிச் சொல்வதற்கும் 'வந்த'வனின் அடியைத்தான் எடுக்கிறோம். அதைப் பிள்ளை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு 'ஓ...' கேட்டது. "பிழை, பிழை" என்று சிவப்பு மையால் வெட்டுவதைவிட, அந்தப் பிழை எங்கே இருந்து வருகிறது என்று காட்டினால் பிள்ளைக்குத் தன்னில் இருக்கிற வெட்கம் குறையும்.

பெரிய சண்டை அதுக்குப் பிறகு வந்தது. ஸீரோ கொண்டிஷனல் என்றால் எப்பவும் உண்மையாக இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். ஐசைச் சூடாக்கினால் உருகும். தண்ணியை 100 பாகைக்குச் சூடாக்கினால் கொதிக்கும். (இதுவும் கடல் மட்டத்தில்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். 'எப்பவும் உண்மை'க்குள்ளேயும் ஒரு 'இஃப்' ஒளிஞ்சிருக்கு என்று சொல்ல இது நல்ல உதாரணம்.) ஃபெர்ஸ்ற் என்றால் நடக்கக்கூடியது. செக்கண்ட் என்றால் வெறும் கற்பனை. அப்ப பூனையை எதுக்குள்ளே போடுவது?

"அண்ணா, நம்புற ஆள் எழுதினால் ஸீரோ. நம்பாத ஆள் எழுதினால் செக்கண்ட். அப்பிடியெண்டால் மார்க்ஸ் ஆருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

இரண்டு பேருக்கும்தான். கிராமர் உண்மையைச் சோதிக்காது. பூனையையும் கொதிக்கிற தண்ணியையும் ஒரே வசன அமைப்பில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி உண்மை போலத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் வசனத்தை எழுதத் தொடங்குவதுக்கு முன்னமே, நீ இதை எவ்வளவு நம்புகிறாய் என்று முடிவெடுத்தாக வேணும். எங்களுடைய 'போனால்' அந்த முடிவை எடுக்கச் சொல்லிக் கேட்பதில்லை. எல்லா நம்பிக்கைக்கும் எல்லா அவநம்பிக்கைக்கும் ஒரே 'போனால்'தான்.

அப்படித்தான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்த நேரம் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். "அம்மம்மா பாம்பு வரும் எண்டுவா. அம்மா பாம்பு வருமாம் எண்டுவா. தம்பி, வந்தால் பாப்பம் எண்டுவான்." தமிழ் அந்த அளவை வசனத்தின் கடைசியில் வைத்திருக்கிறது, 'ஆம்' என்கிற ஒற்றை அசையில். சொன்னது நானில்லை, கேட்டதைச் சொல்லுறன் என்று அது சத்தமில்லாமல் கையைக் கழுவிவிடும். இதை ஆங்கிலத்தில் சொல்ல 'தே ஸே' என்று இரண்டு தனிச் சொல் வேணும். ஒரு வீட்டுக்குள்ளே மூன்று தலைமுறையில் ஒரு நம்பிக்கை எப்படித் தேய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை.

புத்தகங்களில் வருகிற இங்கிலாந்துச் சகுனங்களையும் இடையில் சொன்னோம். கண்ணாடி உடைந்தால் ஏழு வருசம் கூடாது. ஏணிக்குக் கீழால் போகக்கூடாது. ஆனால் அங்கே கறுப்புப் பூனை குறுக்கே போனால் நல்லது என்று நினைக்கிற ஆட்கள் நிறையப் பேர். வகுப்புக்கு இதை நம்பவே முடியவில்லை. பூனைக்கு விசா கிடைத்தால் குணமும் மாறிவிடும் என்று ஒருவன் சொன்னான். செக்கண்டில் பயிற்சி குடுத்தபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. நான் ஒரு பூனையாக இருந்தால் மனிசரைக் கண்டால் திரும்பிப் போவன், ஏனென்றால் அவை குறுக்கே போன நாளில்தான் எனக்குக் கல்லெறி விழுந்தது. வேர்ப் இரண்டு இடத்தில் பிழை. முழு மார்க்ஸ் போட்டோம்.

வீட்டுவேலையாக, 'கூடாது' என்று முடிகிறவற்றைக் குடுத்தோம். இரவில் நகம் வெட்டக்கூடாது. சரி, வெட்டினால்? விளக்கு வைச்ச பிறகு கூட்டக்கூடாது. கூட்டினால்? பாதிப் பேருக்கு அந்த 'ஆல்' தெரியாது. வீட்டில் கேட்டுக்கொண்டு வாங்கோ என்றோம். அடுத்த கிழமை கொண்டுவந்த பதில்களில் பாதி நல்ல நடைமுறைப் பதில். அந்தக் காலத்தில் போத்தில் விளக்கு, நகம் தெறித்தால் சாப்பாட்டுக்குள் விழும். இருட்டில் கூட்டினால் கழண்டு விழுந்த தோட்டுச் சுரையும் குப்பையோடு போகும். இது நம்பக்கூடியதுதான். ஆனால் எல்லாப் பழக்கத்துக்கும் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. சிலதுக்குப் பின்னால் விஞ்ஞானம் இல்லை, ஒரு ஆள் இருக்கிறார். அவரை ஒதுக்கிவைப்பதுக்குத்தான் அந்த வசனம்.

அதுவும் வந்தது. "கைம்பெண் எதிர்ப்பட்டால் போற காரியம் சரிவராது." கொண்டுவந்த பெடியன் கெட்டவன் இல்லை. அப்பப்பா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தான். வாசித்துப் பாதியில்தான் அவனுக்கே உறைத்தது. எங்களுடைய வகுப்பில் தாய் மட்டும் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருத்தரும் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எந்த வகுப்பும் அப்படித்தான். பலகையில் எழுதுவதா விடுவதா என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எழுதினோம். எழுதாமல் விட்டால் அது வீட்டில் எழுதாமலே உயிரோடு இருக்கும்.

கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாம் வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி வந்து மார்க்கரை வாங்கினாள். அந்த வசனத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு வசனம் எழுதினாள். காலமை என்ர அம்மாவைக் கண்டால் உங்களுக்குச் சுடச்சுட இடியப்பம் கிடைக்கும். 'இஃப் யூ ஸீ' என்று தொடங்கி 'யூ வில் கெட்' என்று போய், கடைசியில் இடியப்பத்தை இடியப்பம் என்றே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி அவித்துக் கடைகளுக்குக் குடுக்கிறவர். ஊரில் முதல் பஸ்ஸுக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் அவரில் முழித்துத்தான் போகிறார்கள். "இது ஃபெர்ஸ்ற் கொண்டிஷனல்" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தாள். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை.

தேர்ட் கொண்டிஷனலைத்தான் நாங்கள் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். நடந்துமுடிந்ததை மாற்றி நினைக்கிற வசனம் அது. அப்படிச் செய்திருந்தால் இப்படி நடந்திருக்காது. இதுக்கு மட்டும் தமிழில் தனி வடிவம் இருக்கு, 'இருந்தால்' வேறு, 'இருந்திருந்தால்' வேறு. வன்னியில் இந்த வடிவத்தைப் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'இருந்திருந்தால்' இருக்கு. அதனால் வேண்டுமென்றே தூரத்து உதாரணம் ஒன்றை எடுத்தோம். மகிந்த ராஜபக்ச தன்னுடைய பதவிக்காலம் முடிய ஏறக்குறைய இரண்டு வருசம் இருக்கும்போதே தேர்தலை அறிவித்தார். நாள் சோதிடரைக் கேட்டுக் குறித்தது என்று அந்த நேரம் எல்லா இடமும் செய்தி. 2015 ஜனவரி 8 வாக்களிப்பு, அடுத்த நாள் விடிய அவர் வீட்டுக்கு. சோதிடரைக் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருசம் கதிரையில் இருந்திருப்பார். வகுப்பு சிரித்தது, 'வுட் ஹாவ்' நல்லாப் பதிந்தது.

ஆனாலும் பயிற்சிக் கொப்பிகள் வந்தபோது ஒன்றில் இப்படி இருந்தது. அண்டைக்குப் பல்லி சொன்னது, அதைக் கேட்டு நிண்டிருந்தால் பெரியப்பா இருந்திருப்பார். அப்பம்மா சொல்லுவா என்று கீழே தமிழில் ஒரு வரி. ஆங்கிலம் சரியாக இருந்தது. சரி போட்டுக் கொப்பியைக் குடுத்தோம்.

வகுப்பு முடிந்த பிறகு எங்களுக்குள் இதைப் பற்றி வாக்குவாதம். எங்களில் ஒருத்தி, கைம்பெண் வசனத்தோடு மல்லுக்கு நிண்டமாதிரி இதோடும் நிற்கவேணும், செல்லுக்குப் பல்லியின் சொல் தெரியாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேணும் என்றாள். மற்றவர்கள் அதுக்குச் சம்மதிக்கவில்லை. ஒரு வசனம் இன்னொருத்தரைத் தெருவில் இருந்து விலக்குகிறது. மற்றது, ஒரு கிழவி தன்னுடைய துக்கத்தை வைக்க ஒரு இடம் தேடி வைத்தது. அந்தப் பல்லியையும் எடுத்துவிட்டால் அவவிடம் மிஞ்சுவது காரணமே இல்லாத ஒரு சாவு. ஆனால் அப்பம்மாவின் பல்லியை அந்தப் பிள்ளையும் தூக்கிக்கொண்டு திரியவேணுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது இன்னும் முடியவில்லை. ரீ குடிக்கிற நேரமெல்லாம் திரும்ப வருகிறது.

அடுத்தது 'ஈவின் இஃப்'. 'போனால்' என்பதோடு ஒரு 'உம்' சேர்த்தால் 'போனாலும்'. பூனை போனாலும் போவம். தும்மினாலும் வெளிக்கிடுவம். பலகையில் மிச்சம் இருக்கிற சகுனம் எல்லாவற்றையும் இதில் போட்டுத் திருப்பி எழுதுவது என்று திட்டம். சனிக்கிழமை முதல் பாடமாக வைத்திருந்தோம். ஆனால் சனிக்கிழமை 9 மணியில் இருந்து 10.30 வரைக்கும் இராகு காலம். பல்லிப் பலன் சொன்ன பெடியனை அவனுடைய அம்மா அது முடியாமல் படலையால் வெளியில் விடுவதில்லை. அவன் இல்லாமல் இந்தப் பாடத்தை எடுக்க எங்களுக்கு மனமில்லை. ஞாயிறு காலைக்கு மாற்றியிருக்கிறோம்.