பகிர்தலின் முதற்பாடம்

தீபாவளி நாள். இரண்டு வயதுக் குழந்தையின் இரு கைகளிலும் நெய்யுருண்டை. விருந்துக்கு வந்த அத்தை மகள் கை நீட்டுகிறாள். "என்னுது!" எனக் குழந்தை மார்போடு அணைத்துக்கொள்கிறது. நாணமுற்ற தாய் ஒன்றைப் பறித்துக் கொடுத்துவிடுகிறாள். வீடே அதிர அழுகை எழுகிறது.

அங்கே குழந்தை கற்றது பகிர்வன்று. வலியவர் பறிக்கலாம் என்பதே. 'எனது' என்பதை உணராத நெஞ்சு 'உனக்கு' என்று எவ்வாறு கூறும்? உடைமையுணர்வு கருமித்தனம் அன்று. ஈகைக்கு அதுவே முதற்படி. 2013-ஆம் ஆண்டு செர்னியாக், குஷ்னிர் என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வும், தாமே தேர்ந்து தம் பொருளை ஈந்த மழலையர் பின்னரும் மிகுதியாகப் பகிர்ந்தனர் என்று காட்டிற்று.

பகுத்துண்டலை அறங்களுள் தலையாயதெனப் போற்றிய வள்ளுவர், அதனைக் கொல்லாமை அதிகாரத்திலே வைத்தார். பிறிதோர் உயிரின் பசியை உணர்தலே பகிர்வின் வேர் என்பது அவர் கருத்துப்போலும். அவ்வுணர்வு கட்டளையால் முளைப்பதன்று. காத்திருந்தால் தானே அரும்புவது.

சிறிது நேரம் கழிகிறது. அழுது ஓய்ந்த குழந்தை, எவரும் கேளாமலே, எச்சில் பட்ட பாதி உருண்டையை அத்தை மகளின் வாயருகே நீட்டுகிறது. அத்துண்டு சிறிது, அப்பாடமோ பெரிது.