கணிப்பொறியில் இல்லாத மலை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் எங்கள் ஏற்காடு. காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளும் காண்போர் கண்களுக்கு விருந்து. ஆனால் அதே மலையும் மரமும் வானொலி அலைகளுக்கு எத்தகைய தடை என்பதை ஒரு மழைக்கால இரவில்தான் உணர்ந்தேன்.

அன்று பாட்டிக்குத் திடீரென மூச்சுத் திணறல். வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அப்பா டார்ச் விளக்குடன் மேட்டுப் பாறைமீது ஏறி 108-ஐ அழைத்தார். பாட்டி பிழைத்தாள். எனினும் அப்பா திரும்பி வரும்வரை அவள் தலைமாட்டில் அமர்ந்திருந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே, இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். எங்கள் லைன் வீடுகளிலிருந்து சாலை வரை சிறு வானொலிக் கருவிகளை வைத்து, ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கடத்த வேண்டும். என்.எஸ்-2 என்னும் மென்பொருளில் ஒத்திகை பார்த்தேன். மூன்று கருவிகளே போதும் என்றது! ஒரு செய்திகூடத் தவறவில்லை. என் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை.

விடுமுறையில் அந்த வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம பாறை எங்க கண்ணு?” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

என் ஒத்திகையில் நிலம் சமதரை. கருவியைச் சுற்றி 250 மீட்டர் வட்டம். அதற்குள் இருந்தால் செய்தி முழுதும் கேட்கும், ஓரடி தள்ளினால் கேட்காது. உண்மை அப்படியா? வெட்டவெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். தரையில் பட்டு வரும் அலையும் சேர்ந்துகொண்டால், நெடுந்தொலைவில் அது பதினாறில் ஒன்றாகிவிடும். இடையில் குன்றும் ஈர இலைகளும் வந்தால் என்ன ஆகும்? 2003-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் டேவிட் காட்ஸ் குழுவினர், இத்துறை ஆய்வாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் தவறான எடுகோள்களைப் பட்டியலிட்டனர். உலகம் தட்டை என்பதே அதில் முதலாவது!

அலை ஏறி இறங்கும் முறையைப் புகுத்தி மீண்டும் ஓட்டினேன். இணைப்புகள் விட்டு விட்டு வந்தன. அதை வழி அறுந்ததாக எண்ணிய கருவிகள் புதுவழி தேடிக் கூவின. அந்தக் கூச்சலிலேயே செய்திகள் நெரிந்தன. குறைந்த தாவலில் சேரும் வழியைத் தேடியதால், நீண்ட, நலிந்த இணைப்புகளையே அவை தேர்ந்தெடுத்தன. மூன்று கருவிகள் போதவில்லை. முன்பு கண்ட வெற்றி வலையமைப்பின் வெற்றியன்று; நான் வரைந்த வட்டத்தின் வெற்றி.

ஆனால் புதிய முறையிலும் எங்கள் பாறை இல்லை. அதன் ஏற்ற இறக்கம் பகடை உருட்டியது போன்றதுதான். எனவே நானும் அப்பாவும் கைப்பேசியும் நோட்டுப் புத்தகமுமாகத் தோட்டமெங்கும் நடந்து, இடந்தோறும் சிக்னலைக் குறித்தோம். எந்த வளைவில் அது கிடைக்கும், எந்த ஓடையில் மறையும் என்பதை அப்பா முன்னரே சொன்னார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

நண்பர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் எழுதுமுன் தோட்டத்தைச் சுற்றி வந்தால் உதவும் என்பதே நான் கற்ற பாடம்.