ஏட்டில் எல்லாருக்கும் இருபது

அரசு மருத்துவமனைக் கேஸ்ஷீட் எதைப் புரட்டினாலும் மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் பெரும்பாலும் 20 என்றிருக்கும், இல்லையென்றால் 18. பல்ஸுக்கும் பி.பி.க்கும் கருவி உண்டு. மூச்சை ஒருவர் நின்றுதான் எண்ணவேண்டும். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த கேசுவாலிட்டியில் அப்படி நின்றவர் எங்கள் ஹெட் சிஸ்டர். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்பார். "இருங்க டாக்டர், முழு நிமிஷம் ஆகட்டும்" என்பார். வெளியே அடுத்த ஸ்ட்ரெச்சர் காத்திருக்கும்.

மேற்படிப்பில்தான் காயம்பட்டவர்களின் நிலையை அளக்கும் மருத்துவர் சாம்பியனின் கணக்கு அறிமுகமானது. 1989இல் வந்தது. நினைவுநிலை, சிஸ்டாலிக் பி.பி., மூச்சு ஆகிய மூன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண்; அவற்றை 0.9368, 0.7326, 0.2908 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டவேண்டும். உச்சம் 7.8408. எண் குறையக் குறையப் பிழைக்கும் வாய்ப்பும் குறையும். நினைவுநிலைக்கே அதிக எடை. ஹெல்மெட் இல்லாமல் வந்து விழும் எங்கள் பையன்களைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் பல்ஸ் கிடையாது. லாரி இடித்து வந்த ஓர் இளைஞனை அதனால்தான் மறக்கமுடியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று தெளிவாகப் பேசினான். பி.பி. 110. மூச்சு 28. சாம்பியன் கணக்குப்படி முழு மதிப்பெண். சிஸ்டர் அவன் கையைத் தொட்டுவிட்டு, "ஜில்லுன்னு இருக்கு டாக்டர்" என்றார். பல்ஸ் 128. பல்ஸைப் பி.பி.யால் வகுத்துப் பார்க்கும் எளிய வழியை ஆல்கோவர், புர்ரி என்ற மருத்துவர்கள் 1967லேயே சொல்லிவிட்டார்கள். இயல்பு 0.5 முதல் 0.7, ஒன்றைத் தாண்டினால் ஆபத்து. அவனுக்கு 1.16. வயிற்றைத் திறந்தபோது மண்ணீரல் கிழிந்திருந்தது. பிழைத்தான். இளம் உடல் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும், ஏறத்தாழ முப்பது சதவீத ரத்தம் போகும்வரை. அப்புறம் மடமடவென்று இறங்கிவிடும்.

முதியவர்களிடம் அந்த வகுத்தலையும் நம்பமுடியாது. பல்ஸை அடக்கும் அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் பல்ஸ் எழும்பாமல் எழுபதிலேயே நிற்கலாம். வழக்கமாக 160 பி.பி. உள்ள தாத்தாவுக்கு 110 நல்ல எண் அல்ல.

சிஸ்டர் நகத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்பிவரும் நேரத்தையும் பார்ப்பார். சாம்பியனின் 1981ஆம் ஆண்டு முதல் கணக்கில் அதுவும் இருந்தது. இருட்டில், சாலையோரத்தில் சரியாகத் தெரியாது என்று 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விட்டுவிட்டார்கள். நியாயந்தான். ஆனால் விளக்கு எரியும் வார்டில் நாம் ஏன் விடவேண்டும்?

2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபிறகு, வண்டியிலேயே எடுத்த பி.பி. நம் கைக்கு வருகிறது. எனக்கு அது பெரிய வரமாகப் பட்டது. ஓர் எண் நிலையைச் சொல்லும். இரண்டு எண்கள்தான் ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லும்.

1987இல் வந்த டிரிஸ் முறை நினைவுநிலை, பி.பி., மூச்சு ஆகியவற்றோடு காயத்தின் கடுமையையும் வயதையும் சேர்த்து, பிழைக்கும் வாய்ப்பைச் சதவீதமாகவே தருகிறது. அந்தச் சதவீதத்தை வாசலில் நிற்கும் மனைவியிடம் போய்ச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிழைத்திருக்கவேண்டியவர் ஏன் இறந்தார் என்று தேடத்தான் அது. மாதாந்தர இறப்பு ஆய்வுக் கூட்டம் ஒன்றில் அப்படியொரு ஓட்டுநரின் தாள் வந்தது. முதல் பி.பி. 124, அடுத்தது 84, நடுவே இரண்டு மணி நேரம் வெற்றுக் கட்டங்கள். எல்லாரும் ரத்த வங்கியைப் பற்றியே பேசினார்கள். "அந்த ரெண்டு மணி நேரம் அவர் பக்கத்துல யார் இருந்தா?" என்று சிஸ்டர் கேட்டார். அடுத்த மாதம், மோசமான நிலையில் இருப்பவர்களை வைக்கும் சிவப்புப் பகுதிக் கட்டில்களுக்குத் தனியாக ஒரு செவிலியரைப் போட்டார்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்க.